வாயடைத்துப் போனதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது?

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கி நான்காவது ஆண்டு. எங்கள் குழுவில் இருந்த ஜப்பானியப் பெண் ஒருவர் வேலையை விடுவதாக எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்குப் போய்க் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். எனக்கு நிறைய உதவியவர் அவர். படித்ததும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அகராதியில் 'வாயடைத்துப் போதல்' என்ற பொருளில் தேடினேன், 'அஜென்' என்ற சொல் கிடைத்தது. "உங்கள் செய்தியைப் படித்து அஜென் தோ ஷிமாஷித்தா" என்று பதில் போட்டேன்.

அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: "திடீரென்று சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்."

மறுநாள் மூத்த சக ஊழியர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து உட்கார வைத்து, நான் எழுதியது ஜப்பானியர் காதில் எப்படி விழும் என்று சொன்னார். 'இப்படியும் ஒருவர் செய்வாரா, பேச்சே வரவில்லை' என்ற தொனி. வருத்தம் சொல்ல நினைத்தவன் குற்றம் சாட்டிவிட்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படும். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம். அகராதி இந்தச் சொற்களையெல்லாம் 'அதிர்ச்சி', 'திகைப்பு' என்று ஒரே வரியில் அடக்கிவிடுகிறது. ஜப்பானியரோ அதிர்ச்சி எவ்வளவு பெரியது என்பதோடு நிற்பதில்லை. அந்த நொடியில் மனசு என்ன ஆனது, வாய் என்ன ஆனது, யார் மேலாவது குறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லைத் தேர்கிறார்கள்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். 'அஜென்' போன்ற சொற்களில் வரும் ஜ, 'ஜீப்ரா'வை ஆங்கிலத்தில் சொல்லும்போது வரும் ஒலிக்கு நெருக்கமானது. சில இடங்களில் க்க, த்த என்று எழுதியிருப்பது ஒலி மெலிந்துவிடாமல் இருக்கத்தான். சரியான அழுத்தத்தை ஜப்பானியர் பேசக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

முதல் பாடத்திலேயே வரும் சொல் 'பிக்குரி'. பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டால், பாத்திரம் கீழே விழுந்து சத்தம் கேட்டால், எதிர்பாராத பரிசு வந்தால், எல்லாவற்றுக்கும் "பிக்குரி ஷித்தா!" இது இறந்தகாலம் என்பதைக் கவனியுங்கள். திடுக்கிட்ட அதே நொடியில், இன்னும் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே, 'ஆகிவிட்டது' என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படித்தானே, "ஐயோ, பயந்தே போயிட்டேன்!" என்கிறோம். நாம் ஆச்சரியக்குறி என்று சொல்லும் குறிக்கும் அங்கே பேச்சுவழக்கில் 'பிக்குரி மாக்கு' என்று பெயர்.

இதற்கு இணையான பொதுச் சொல் 'ஒதோரோக்கு'. எழுத்திலும் அலுவலகத்திலும் மரியாதையான பேச்சிலும் இது பொருந்தும். இதை எழுதப் பயன்படும் சீன எழுத்தின் அடிப்பகுதியில் ஒரு குதிரை நிற்கிறது. குதிரை மிரளுவதுதான் அந்த எழுத்தின் பழைய பொருள். நம் 'மிரளுதல்' மாட்டுக்கும் குதிரைக்கும் சொல்லப்பட்டு மனிதருக்கும் வந்ததுபோலவே. பழைய ஜப்பானியத்தில் 'ஒதோரோக்கு' என்றால் தூக்கத்திலிருந்து விழிப்பது, ஒன்றைச் சட்டென உணர்வது என்றும் பொருள் இருந்தது. 'திடுக்கிட்டு விழித்தேன்' என்று நாம் இரண்டையும் சேர்த்தே சொல்வதை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

அடுத்ததில் தமிழருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை, எனக்கு ஆதங்கம். ஜப்பானியத்தில் 'தோ' என்று ஓர் இடைச்சொல் உண்டு. 'வருவேன் என்று சொன்னான்' என்பதில் வரும் நம் 'என்று'வின் வேலையை அங்கே 'தோ' செய்கிறது. அதே 'தோ' ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பின்னாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். நாம் என்ன செய்கிறோம்? திடுக்கென்று, பகீரென்று, திக்கென்று, சட்டென்று. எல்லாவற்றிலும் அதே 'என்று'. ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படிப்பவர்கள் 'இங்கே ஏன் தோ வருகிறது' என்று குழம்பும் இடத்தில் நாம் யோசிக்கவே வேண்டியதில்லை. (மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று வாதிட்டது பலருக்கு நினைவு வரும். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. ஒலிக்குறிப்போடு 'என்று' சேர்வது உலகின் வேறு பல மொழிகளிலும் உண்டு. அதனால் இதை உறவுக்குச் சான்றாக எடுக்க வேண்டாம், படிக்க உதவும் ஏணியாக எடுத்துக்கொண்டால் போதும்.)

'ஹத்தோ' என்றால் ஒன்று சட்டென்று உறைப்பது. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோம் என்று பேருந்தில் ஏறிய பிறகு தெரியும் நொடி. 'க்யோத்தோ' என்றால் பகீரென்று. இருட்டில் மூலையில் யாரோ நிற்பது போலத் தெரிந்தால் அது. முதல் எழுத்தை 'கங்கை'யின் முதல் எழுத்துபோல் ஒலிக்க வேண்டும். இரண்டிலும் 'தோ' உள்ளேயே அடங்கியிருக்கிறது. 'பொக்கன் தோ' என்றால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது. 'க்யொத்தோன் தோ' என்றால் என்ன நடந்தது என்றே புரியாமல் கண்ணை அகல விரித்துப் பார்ப்பது. வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த பையனைத் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்டால் அவன் முகத்தில் இருக்குமே, அது.

இதில் 'ஹத்தோ'வுக்கு ஜப்பானியர் ஒரு தனி வாழ்க்கையே கொடுத்திருக்கிறார்கள். உடம்பில் ஜில்லென்று ஓடும் பயத்துக்கு 'ஹியாரி' என்று சொல். இரண்டையும் சேர்த்து 'ஹியாரி-ஹத்தோ' என்றால், விபத்து ஆகியிருக்க வேண்டியது, மயிரிழையில் ஆகாமல் போன சம்பவம். தொழிற்சாலை, மருத்துவமனை, கட்டுமானத் தளம், மழலையர் காப்பகம் என எங்கும் இதற்கென்று படிவம் இருக்கும். எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன ஆகத் தெரிந்தது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்கும். ஒரு செவிலியர் சொட்டு மருந்துப் பையை மாட்டக் கையை உயர்த்துகிறார். பையில் ஒட்டியிருக்கும் பெயர் கண்ணில் படுகிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருடையது. ஹத்தோ. கையை இறக்குகிறார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் அவர் படிவம் எழுதுவார். அமெரிக்கரான ஹெய்ன்ரிச் 1931இல் முன்வைத்த ஒரு விகிதத்தை இதற்கு அடிப்படையாகச் சொல்வார்கள். ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சிறிய விபத்துகளும், காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருக்கின்றன என்பது அது. அந்த 300ஐப் பிடித்தால் அந்த ஒன்றைத் தடுக்கலாம் என்பது எண்ணம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களில் சிலர் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். நெஞ்சு திக்கென்ற ஒலி ஒரு படிவத்தின் தலைப்பாக ஆகியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இனி என்னை மாட்டிவிட்ட 'அஜென்' குடும்பம். சீனத்திலிருந்து வந்த 'ஜென்' என்ற ஒட்டு 'அந்த நிலையில்' என்று பொருள்படும் (பௌத்தத்து ஜென் வேறு, எழுத்தும் வேறு). இவற்றின் பின்னாலும் 'தோ' வரும். இலக்கணம் இவற்றை வேறு வகையில் சேர்த்தாலும், வாக்கியத்தில் வைக்கும் முறை ஒன்றுதான். அஜென், போஜென், கக்குஜென் மூன்றையும் ஒரே ஆளிடம் காட்டிவிடுகிறேன்.

ஒருவர் வங்கிக்குப் போய்க் கணக்குப் புத்தகத்தில் பதிவு போடுகிறார். இயந்திரம் கரகரவென்று அச்சிட்டுத் தள்ளுகிறது. கடைசி வரியில் மீதி இருப்பது சில நூறு யென். பல வருடச் சேமிப்பு காணோம். அந்த எண்ணைப் பார்த்துப் பொருள் புரிந்த கணம் 'கக்குஜென்'. நம்பியிருந்தது பொய் என்று தெரியும்போது உள்ளே விழும் அடி அது. இதன் எழுத்தில் இதயத்தைக் குறிக்கும் பகுதி பக்கத்தில் நிற்கும். அதிர்ச்சி மனதில் என்பதற்கு அதுவே அடையாளம்.

பிறகு அவர் அங்கே போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். எண் அழைக்கிறார்கள், காதில் விழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சுவர் தெரியவில்லை. இது 'போஜென்'. மனசு வெறுமையாகிப் போன நிலை. இதை எழுதும் ஒரு விதத்தில், கரை தெரியாமல் விரிந்து கிடக்கும் தண்ணீரைச் சொல்லும் எழுத்து வரும். 'தன்னையே இழந்து' என்ற பொருளோடு சேர்த்து 'போஜென்-ஜிஷித்ஸு' என்று நான்கெழுத்துத் தொடராகவும் சொல்வார்கள். நிலநடுக்கத்துக்குப் பின் வீடு இருந்த இடத்தில் நிற்பவரைப் பற்றி எழுதும்போது செய்தியாளர் எடுப்பது இந்தச் சொல்லைத்தான்.

கடைசியில் அவர் எழுந்து முகப்புக்குப் போய் விவரம் சொல்கிறார். அங்கே இருப்பவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "கடவுச்சொல்லை யாருக்காவது சொல்லியிருப்பீர்கள்" என்கிறார். இவருக்கு வாய் திறந்தபடியே நிற்கிறது, சொல் வரவில்லை. இப்போதுதான் 'அஜென்'. முதல் எழுத்து ஊமையைக் குறிப்பது. எதிரே இருப்பவரின் செயல் அவ்வளவு மோசம், அவ்வளவு பொருத்தமில்லாதது, அதனால் பேச்சு அற்றுப்போகிறது. பெரும்பாலும் 'அஜென்' இப்படி ஒருவர் செய்ததைப் பார்த்து வருவது. நான் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் போய் இதைச் சொல்லியிருந்தேன்.

படிக்கும்போது இன்னொன்று உதவும். 'அ', 'கக்கு' இரண்டுக்குமான எழுத்துகள் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த 2136 எழுத்துகளில் இல்லை. அதனால் நாளிதழ்கள் இந்தச் சொற்களை ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் எழுதுவது வழக்கம். கதைகளில் சீன எழுத்தோடு பார்த்தால் வேறு சொல் என்று நினைத்துவிடாதீர்கள்.

'அஜென்'னுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் 'அக்கிரெரு'. இதில் குறை சொல்லும் தொனி வெளிப்படை. "அக்கிரெத்தா" என்றால் 'சே, இதுக்கு மேல என்ன சொல்ல' என்பதற்குச் சமம். மூன்றாவது முறையாகச் சாவியைத் தொலைத்த மகனிடம் அம்மா சொல்வது. 'திறந்த வாய் மூடவில்லை' என்று பொருள்படும் மரபுத்தொடரும் இதே வகைதான். தமிழில் ஆச்சரியத்தில் வாய் பிளந்து நின்றோம் என்றால் அது பாராட்டாகவும் இருக்கலாம். ஜப்பானிய வாய் அப்படியில்லை, மூட மறுத்தால் அது பெரும்பாலும் கண்டனம். நண்பரின் கச்சேரியைப் பாராட்டப் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

குறை எதுவும் சொல்லாமல் பேச்சு நின்றதை மட்டும் சொல்ல 'ஜெக்கு' இருக்கிறது. 'ஜெ' அறுபடுவது, 'கு' சொற்றொடர். பேசிக்கொண்டே இருந்தவர் தொண்டை அடைத்து நடுவில் நின்றுவிட்டால் "ஜெக்கு ஷித்தா". நாலே வரியில் அமையும் ஒரு சீனக் கவிதை வடிவத்துக்கும் இதே பெயர்தான், எழுத்தும் அதே. அந்த வடிவமும் நாலு வரியில் நின்றுவிடுகிறது என்று சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டேன், இதுவரை மறக்கவில்லை.

உடம்பு சார்ந்த தொடர்கள் ஏராளம், இரண்டு மூன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். 'கிமோ' என்றால் ஈரல். ஈரல் நசுங்கியது, ஈரல் குளிர்ந்தது என்று பயத்தைச் சொல்வார்கள். "ஈரக்குலையே நடுங்கிப் போச்சு" என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டுமா! 'கொஷி' என்றால் இடுப்பு. இடுப்பு கழன்றது என்றால் அதிர்ச்சியில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் போவது. மூச்சை விழுங்குவது என்ற 'இக்கி ஓ நொமு' மட்டும் இருபக்கமும் போகும். பாம்பைக் கண்டாலும் அதுதான், மேகம் விலகி ஃபூஜி மலை முழுசாகத் தெரிந்தாலும் அதுதான்.

அப்புறம் 'ஷொக்கு'. ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்தானே, நமக்குத் தெரியாததா என்று தோன்றும். இங்கேதான் தமிழர்கள் வழுக்குகிறோம். நமக்கு ஷாக் என்றால் மகிழ்ச்சியான வியப்பும் ஆகும். பல வருடம் கழித்துப் பார்த்த பையனைப் பற்றி "என்னமா வளந்துட்டான், ஷாக் ஆயிட்டேன்" என்போம். ஜப்பானியத்தில் 'ஷொக்கு' என்றால் மனம் புண்பட்டது, ஏமாற்றமாகிவிட்டது என்ற சாயல் பலமாக இருக்கும். தேர்வில் தேறவில்லை, ஷொக்கு. ஆசையாகப் போன கடைக்கு இன்று விடுமுறை, அதுவும் ஷொக்கு. மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளில் கனமான மணி அடித்ததுபோல் 'காஆன்' என்று எழுதியிருப்பதும் இந்த உணர்ச்சிக்குத்தான். வளர்ந்த பிள்ளையைப் பார்த்து ஷொக்கு என்றால் பெற்றோர் முகம் வாடிவிடும். "பிக்குரி ஷித்தா" என்று சொன்னால் போதும். மின்சாரம் தாக்குவதற்கும் இந்தச் சொல் ஆகாது, அது 'கன்தென்'.

வரலாற்று நிகழ்ச்சிகளுக்கும் ஷொக்கு என்று பெயரிடுவது ஜப்பானியப் பழக்கம். 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது காகிதம் கிடைக்காமல் போய்விடும் என்ற வதந்தியில் ஒசாகா பக்கம் சென்ரியில் கழிப்பறைக் காகிதத்துக்கு மக்கள் முண்டியடித்தார்கள். அந்த எண்ணெய் நெருக்கடிக்குப் பெயர் 'ஒயிரு ஷொக்கு'. 2008 நிதி நெருக்கடி, திவாலான லேமன் நிறுவனத்தின் பெயரால், 'ரீமன் ஷொக்கு'. 1971இல் அமெரிக்க அதிபர் நிக்சன், தான் சீனா போகப்போவதாக அறிவித்தார். நட்பு நாடான ஜப்பானுக்கு அறிவிப்புக்குச் சற்று முன்புதான் தகவல் வந்தது. அது 'நிக்சன் ஷொக்கு'. அந்த மாதிரிச் செய்திக்கு 'நெமிமி நி மிஜு' என்றொரு அழகான தொடர் இருக்கிறது. தூங்குகிறவன் காதில் தண்ணீர்.

கடைசியாக, நம்ப முடியாமல் வாயிலிருந்து தானாக வருபவை. முதலில் 'ஏ?' என்று இழுப்பார்கள். அப்புறம் "உஸோ!" நேர்ப்பொருள் 'பொய்!' என்பது. பயப்பட வேண்டாம், உங்களைப் பொய்யர் என்று யாரும் சொல்லவில்லை. "சும்மா சொல்லாதே!" என்று நாம் தோழியின் கையைத் தட்டுவோமே, அதுதான். "மாஜி?" என்பது 'நிஜமாவா?' இரண்டும் நண்பர்களுக்குள் மட்டும். மேலதிகாரியிடமோ மாமனார் வயதுக்காரரிடமோ "ஹொந்தோ தெஸு கா" என்று கேட்பதே முறை.

இவற்றில் நான் மிகவும் நேசிப்பது 'மசக்கா'. 'அப்படியெல்லாம் நடக்காதே' என்று மனசு மறுக்கும் கணத்தின் சொல். ஜப்பானியத்தில் மேட்டுச் சரிவுக்கு 'சக்கா' என்று பெயர். ஏற்றம் 'நொபோரி-ஸக்கா', இறக்கம் 'குதாரி-ஸக்கா' (இந்த இரண்டிலும் ஸ, முன்பு சொன்ன ஜீப்ரா ஒலியோடு). திருமண விருந்தில் பெரியவர்கள் மணமக்களிடம் இதை வைத்துப் பேசுவது வழக்கம். வாழ்க்கையில் மூன்று சக்கா உண்டு, ஏறும் சக்கா, இறங்கும் சக்கா, அப்புறம் ம-சக்கா. எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாத அந்த மூன்றாவது வரும்போது ஒருவர் கையை ஒருவர் விடாதீர்கள் என்பார்கள்.

சரி, அன்றைக்கு நான் என்ன எழுதியிருக்க வேண்டும்? அந்த மூத்தவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். "ஒதோரோக்கிமாஷித்தா" என்று தொடங்கச் சொன்னார். திடுக்கிட்டேன் என்று பொருள், யார் மேலும் குறை இல்லை. அடுத்த வரி "கொதொபா கா மித்ஸுகாரிமஸென்", சொற்கள் அகப்படவில்லை. இரங்கல் செய்திகளில் எழுதுவது இதைத்தான் என்றார். நோயுற்ற அம்மாவைப் பற்றி என்பதால் அந்த இரண்டாவது வரியை அவரே அடித்துவிட்டு, "அம்மா சீக்கிரம் குணமடைய வேண்டுகிறேன்" என்று மாற்றிக் கொடுத்தார். அதை என் கையால் ஓர் அட்டையில் எழுதி, அந்தப் பெண் கிளம்பும் நாளில் அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை இரண்டு கைகளாலும் எடுத்துப் படித்துவிட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.